செயலியின் விலையும் கணினியின் விலையும்

மேசைக் கணினி ஒன்றை வாங்க எண்ணுகின்றவர் முதன்முதலாகக் கேட்கும் வினா, "எந்தச் செயலி சிறந்தது?" என்பதாகும். அடுத்த வினா, "அதன் விலை யாது?" என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் கொள்வனவு பாதி முடிந்தது எனப் பலரும் கருதுகின்றனர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதியிருந்தேன். அதனால் என் தங்கை குடும்பத்துக்கு ஒரு நட்டத்தையும் தேடிக் கொடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பொருளுக்குள் நுழைவதே நேர்மை.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் மருமகன் பொறியியல் கற்கப் பல்கலைக்கழகம் புகவிருந்தான். வீட்டிலிருந்த பழைய கணினி வரைபட வேலைக்குப் போதாது. தங்கை இரவிலே தையல் தைத்துச் சேர்த்து வைத்த பணம் சிறிது இருந்தது. "அண்ணா, பிள்ளை இரண்டு செயலிகளின் பெயரை எழுதித் தந்திருக்கிறான். எதை வாங்கச் சொல்லட்டும்?" என்று தொலைபேசியில் கேட்டாள். நான் இரண்டின் விலையையும் வேகத்தையும் பார்த்தேன். வேகத்திலே பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய இருபது டொலர் மலிவு. அன்று ஒரு டொலர் முந்நூற்றறுபது ரூபாவுக்கு மேல் விற்றது. ஆகவே ஏழாயிரம் ரூபாவுக்கு மேல் மிச்சம் என்று கணக்கிட்டு, மலிவானதையே வாங்கு என்று சொல்லிவிட்டேன்.

ஒரு கிழமையின் பின்னர்தான் முழுப் பற்றுச்சீட்டும் என் கண்ணில் பட்டது. நான் தெரிவு செய்த செயலிக்குப் பொருந்தும் தாய்ப்பலகை விலை கூடியது. பழைய கணினியிலிருந்த நினைவகத் துண்டுகள் புதிய பலகையில் ஏறவில்லை. அவற்றின் அடியிலுள்ள வெட்டு வேறிடத்தில் இருந்தது. எனவே நினைவகமும் புதிதாக வாங்க நேர்ந்தது. நான் வேண்டாம் என்று தள்ளிய செயலியோ, பழைய நினைவகத்தையே ஏற்கும் மலிவான பலகை ஒன்றிலும் இயங்கக்கூடியது. நான் காப்பாற்றிக் கொடுத்த ஏழாயிரம் ரூபாவைப் பல மடங்காக அந்தப் பற்றுச்சீட்டு விழுங்கியிருந்தது. "பரவாயில்லை அண்ணா, படிக்கிற பிள்ளைக்குத்தானே" என்றாள் தங்கை. குற்றம் கடைக்காரருடையதும் அன்று, செயலியைச் செய்தவருடையதும் அன்று. கேட்க வேண்டிய வினாவைக் கேளாது விட்டவன் நானே.

அந்த வினா எது என்பதையே இன்று ஆராய்வோம்.

கிணற்றிலிருந்து நீர் இறைக்க இயந்திரம் வாங்கும் தோட்டக்காரரை எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தின் விலையை மட்டும் கேட்டு அவர் வீடு திரும்புவதில்லை. அதற்குரிய குழாயின் அகலம் என்ன, ஏற்கனவே கிடக்கும் குழாய் பொருந்துமா, எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்றெல்லாம் கேட்டறிவார். ஐந்து தலைமுறையாக இறைப்பு அறிந்தவருக்கு இவை இயல்பாகத் தோன்றும் வினாக்கள். கணினி நமக்கு அத்தனை பழகிய பொருள் அன்று; ஆதலால் பளபளப்பான பெட்டியிலே வரும் செயலியை மட்டும் கண்டு மயங்குகிறோம்.

செயலி தனித்து இயங்காது. அது தாய்ப்பலகையிலுள்ள சொக்கெற் என்னும் இருக்கையில் அமர வேண்டும். அந்த இருக்கையின் ஊசிகளின் தொகையும் ஒழுங்கும் செயலியின் இனத்துக்கு இனம் மாறும். பலகையிலுள்ள துணைச் சிப்புகள் செயலியை அறிந்திருத்தல் வேண்டும். நினைவகம் உரிய வகையினதாய் இருத்தல் வேண்டும். வெப்பத்தை அகற்ற விசிறியும், போதிய வலுவைக் கொடுக்க மின்வழங்கியும் தேவை. இவையனைத்தையும் சேர்த்தே 'தளம்' என்று கணினி வல்லோர் கூறுவர். செயலி ஒன்றைத் தெரிவு செய்கிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு தளத்தையே தெரிவு செய்கிறார்.

இதற்கு வரலாற்றிலே பல சான்றுகள் உள. 1990களின் நடுப்பகுதியில் சொக்கெற் 7 என்னும் இருக்கை வழங்கிவந்தது. இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியமும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் கே 6 என்பதும், சைறிக்ஸ் நிறுவனத்தின் செயலியும் அந்த ஒரே வகை இருக்கையில் அமர்ந்தன. வாங்குவோர் பலகையை வைத்துக்கொண்டு செயலியை மாற்றலாம். போட்டியாளர்களுள் மலிவானவரைத் தேடலாம். 1997ஆம் ஆண்டு மே மாதம் பென்ரியம் 2 வெளிவந்தபோது இந்த நிலை மாறிற்று. அது சொக்கெற்றில் அமரவில்லை. 'சிலொட் 1' என்னும் நீண்ட பிளவில் செருகப்படும் பேழையாக வந்தது. 1999இல் ஏ.எம்.டி. தன் அத்லன் செயலிக்குப் பார்வைக்கு அதனையே ஒத்த பிளவு ஒன்றைக் கொண்டது. ஆயினும் மின்தொடர்பு முற்றிலும் வேறு. அன்று தொட்டு இரு நிறுவனத்தாரின் பலகைகளும் இரு வேறு உலகங்களாயின. இன்று நாம் 'தளத்தின் விலை' என்று தனியாகக் கணக்கிட வேண்டியிருப்பதற்கு அந்தப் பிரிவினையே தொடக்கம்.

மிகவும் கசப்பான பாடம் 2000ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் பென்ரியம் 4 வெளியாயிற்று. மொத்தமாக ஆயிரம் வாங்குவோர்க்கு 1.4 கிகாஹேர்ட்ஸ் செயலி 644 டொலர், 1.5 கிகாஹேர்ட்ஸ் செயலி 819 டொலர். இவ்விலையே அதிகம். அதன் பின்னால் வரிசையாக நின்ற செலவுகளைப் பாருங்கள். அன்றைய பென்ரியம் 4 பலகை, றாம்பஸ் என்னும் வகை நினைவகத்தையே ஏற்றது. அது சாதாரண நினைவகத்தைவிடப் பன்மடங்கு விலை. அதனையும் ஒன்றொன்றாகப் போட இயலாது. சோடியாகவே போட வேண்டும். வெறுமையான துளைகளையும் வெறுமையாக விட இயலாது. மின்தொடர்ச்சி அறாதிருக்க நினைவகம் எதுவுமில்லாத போலித் துண்டுகளைச் செருகுதல் வேண்டும். வெப்பமகற்றி கனமானது, ஆகவே அதன் தாங்கியைக் கணினிப் பெட்டியின் உடலோடு திருகாணியிட்டுப் பிணைக்கத் தக்க பெட்டி வேண்டும். மின்வழங்கியிலே 12 உவோற்று கொடுக்கும் நான்கு முனை இணைப்பு ஒன்று புதிதாக வேண்டும். தளத்தின் விலை வாங்குவோரைத் துரத்துகிறது என்பதை இன்ரெல் நிறுவனமே உணர்ந்து, பெட்டியிலிட்டு விற்ற செயலிகளோடு இரண்டு றாம்பஸ் துண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தது. செயலியை விற்க நினைவகத்தை உடன் கொடுப்பது, குதிரை விற்கப் போனவன் புல்லுக்கட்டையும் சுமந்து போன கதைதான்.

இத்தனையும் செய்து வாங்கியவர் பெற்ற நீடிப்பு எவ்வளவு? 2001ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் சொக்கெற் 478 வந்துவிட்டது. பழைய 423 ஊசி இருக்கைக்கு 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட செயலி வரவேயில்லை. 2002இன் தொடக்கத்தில் பென்ரியம் 4 மலிவான டீ.டீ.ஆர். நினைவகத்தோடும் இயங்கலாயிற்று. பொறுத்திருந்தவர் குறைந்த விலையிலே நல்ல தளத்தைப் பெற்றார். முந்திக்கொண்டவர் ஓராண்டுக்குள்ளேயே முட்டுச் சந்தில் நின்றார்.

இருக்கையை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள் என்று நீங்கள் வினவலாம். வெறும் வணிகத் தந்திரம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மை அன்று. முன்னாளில் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி தாய்ப்பலகையின் துணைச் சிப்பில் இருந்தது. ஆகவே ஒரே செயலியை வெவ்வேறு வகை நினைவகத்தோடு பயன்படுத்த முடிந்தது. 2003இல் வந்த அத்லன் 64 செயலியோடு ஏ.எம்.டி. நிறுவனமும், 2008இல் இன்ரெல் நிறுவனமும் அந்தப் பகுதியை மேசைக் கணினிச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தன. இதனால் வேகம் கூடிற்று. ஆனால் நினைவகத்தின் கம்பிகள் நேரே செயலியின் ஊசிகளில் வந்து முடிகின்றபடியால், நினைவகத்தின் இனம் மாறும்போது இருக்கையும் பெரும்பாலும் மாற வேண்டியதாயிற்று. ஏ.எம்.டி. நிறுவனமும் இதற்கு விலக்கன்று. 2003இல் 754 ஊசிகள், 2004இல் 939 ஊசிகள், 2006இல் டீ.டீ.ஆர். 2 நினைவகத்துக்காக ஏ.எம். 2 என அதன் பாவனையாளர் மூன்றாண்டுகளுள் மூன்று இருக்கைகளைக் கண்டனர்.

எனினும் தொழில்நுட்பக் காரணம் ஐயத்துக்கிடமான இடங்களும் உண்டு. 2017ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இன்ரெல் நிறுவனத்தின் எட்டாந் தலைமுறைச் செயலிகள் வந்தன. அவற்றின் இருக்கை முந்திய தலைமுறையைப் போலவே 1151 தொடுமுனைகள் கொண்டது; நினைவகமும் அதே டீ.டீ.ஆர். 4. அப்படியிருந்தும் அவை பழைய பலகைகளில் இயங்கா. 300 வரிசைப் பலகை வாங்க வேண்டும் என்றனர். ஆறு கருக்களுக்கு மின்வலு கூடுதலாகத் தேவை என்பது நிறுவனம் கூறிய காரணம். ஆர்வலர் சிலர் பழைய பலகைகளின் உள்மென்பொருளை மாற்றியும், சில முனைகளை மறைத்தும் இணைத்தும் அந்தச் செயலிகளை இயக்கிக் காட்டினர். இவ்விடயத்தில் என் அனுதாபம் ஆர்வலர் பக்கமே. ஆயினும் வீட்டுக் கணினியில் அவ்வித்தையைச் செய்து பார்க்குமாறு எவருக்கும் நான் சொல்லமாட்டேன்.

அதே 2017ஆம் ஆண்டிலே ஏ.எம்.டி. நிறுவனம் றைசன் என்னும் செயலிகளை ஏ.எம். 4 இருக்கையில் வெளியிட்டது. இவ்விரண்டு தளங்களையும் ஐந்தாண்டு நீளத்துக்கு ஒப்பிடுவது பயன் தரும். அவ்வாண்டு சனவரியில் இன்ரெல் ஏழாந் தலைமுறை ஐ 5 செயலியை வாங்கியவர் நான்கு கருக்களைப் பெற்றார். அவருடைய பலகையில் அதற்கு மேல் ஏறக்கூடியது அதே தலைமுறையின் ஐ 7 ஒன்றுதான். அதுவும் நான்கு கருக்களே. ஏப்பிரலில் 219 டொலருக்கு றைசன் 5 1600 வாங்கியவர் ஆறு கருக்களைப் பெற்றார். அவருடைய பலகைக்கு 2022ஆம் ஆண்டிலும் புதிய செயலி கிடைத்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் 199 டொலருக்கு வந்த றைசன் 5 5600, விசிறியோடு சேர்த்து விற்கப்பட்டது. பலகையும் நினைவகமும் மின்வழங்கியும் பெட்டியும் இருந்தபடியே இருக்க, செயலியை மட்டும் மாற்றி, ஐந்தாண்டு இளமையான கணினியை அவர் பெற்றார்.

இந்த நீடிப்பும் இனாமாகக் கிடைத்தது என்று எண்ணற்க. 2020 மே மாதத்தில், வரவிருக்கும் புதிய செயலிகள் 500 வரிசைப் பலகைகளில் மட்டுமே இயங்கும் என ஏ.எம்.டி. அறிவித்தது. பாவனையாளர் பெருங் குரல் எழுப்பினர். சில நாட்களிலேயே நிறுவனம் இறங்கிவந்து 400 வரிசைக்கும் இடமளித்தது. 2017ஆம் ஆண்டின் 300 வரிசைப் பலகைகளுக்கு 2022இல்தான் முறையான வழி பிறந்தது. பல பலகைகளில் உள்மென்பொருளைத் தாங்கும் சிப்பின் கொள்ளளவு 16 மெகாபைற்று மட்டுமே. எல்லாச் செயலிகளின் விவரத்தையும் அதற்குள் அடக்குவது கடினமாயிற்று. பலகை செய்தோர் சிலர், அலங்காரத் திரைகளை அகற்றி எளிய எழுத்துப் பட்டியலை வைத்து இடம் தேடினர். இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய உள்மென்பொருளோடு உள்ள பலகை புதிய செயலியை அறியாது. அதனைப் புதுப்பிக்க முதலில் பழைய செயலி ஒன்று வேண்டும். பழைய செயலி இல்லாதார்க்கு ஏ.எம்.டி. நிறுவனம் 2018இல் செயலியை இரவலாகவே அனுப்பி, வேலை முடிந்ததும் திருப்பிப் பெற்றுக்கொண்டது! அயல்வீட்டில் உரல் இரவல் வாங்கிய நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இனி 2022ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கு வருவோம். செப்ரெம்பர் 27ஆம் நாள் ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம். 5 என்னும் புதிய தளத்தை வெளியிட்டது. ஆறு கருக்கள் கொண்ட றைசன் 5 7600 எக்ஸ் 299 டொலர். ஒக்ரோபர் 20ஆம் நாள் இன்ரெல் நிறுவனத்தின் பதின்மூன்றாந் தலைமுறை ஐ 5 13600 கே 319 டொலருக்கு வந்தது. செயலியை மட்டும் பார்த்தால் முன்னது மலிவு. ஆனால் ஏ.எம். 5 தளம் டீ.டீ.ஆர். 5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். அப்போது அது டீ.டீ.ஆர். 4 வகையைவிட விலை கூடியது. முதல் நாளிலே கிடைத்தவை எக்ஸ் 670 என்னும் உயர்தரப் பலகைகளே. ஒப்பளவில் மலிவான பி 650 பலகைகள் இரு வாரங்களின் பின்னரே வந்தன. மறுபக்கத்தில், இன்ரெல் செயலியின் இருக்கை 2021 நவம்பரில் வந்த பழைய இருக்கைதான். உள்மென்பொருளைப் புதுப்பித்தால் முந்திய தலைமுறையின் மலிவான பலகையும் போதும். பலகையைப் பொறுத்து டீ.டீ.ஆர். 4, டீ.டீ.ஆர். 5 ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். டீ.டீ.ஆர். 4, டீ.டீ.ஆர். 5 ஆகிய இரு துண்டுகளிலும் உள்ள முனைகள் 288தான். ஆனால் மாறிச் செருகாதிருக்க வெட்டின் இடத்தை மாற்றியிருக்கிறார்கள். என் மருமகனின் பழைய துண்டுகள் ஏறாத காரணம் இப்போது உங்களுக்குத் தெளிவாகியிருக்கும்.

சந்தையும் இதைக் கண்டுகொண்டது. 2023 சனவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் றைசன் 5 7600 என்பதை 229 டொலருக்கு, விசிறியையும் சேர்த்து வெளியிட்டது. தளத்தின் பாரத்தைச் செயலியின் விலையிலே குறைத்துக் காட்ட முயன்றது என்றே இதனைக் கொள்ளலாம்.

நேயர்களே, இவ்விடத்தில் சிறு கணக்கு ஒன்று செய்து பார்ப்போம். எழுதுகோலை எடுத்துக்கொண்டால் நன்று. முதலாவது செயலி 200 டொலர் என்க. இரண்டாவது 300 டொலர். அது நூற்றுக்கு 25 பங்கு வேகம் கூடியது. செயலியை மட்டும் பார்ப்பவர், விலை நூற்றுக்கு 50 பங்கு கூட, வேகம் 25 பங்கு மட்டுமே கூடுகிறது, இது நட்டம் என்பார். ஆனால் எஞ்சிய உறுப்புகளுக்கு இருவருக்கும் 600 டொலர் செலவு என்றால், முழுக் கணினிகளின் விலை 800, 900 ஆகும். வேறுபாடு 12.5 பங்கே. 12.5 பங்கு கொடுத்து 25 பங்கு வேகம் பெறுவது இலாபம். இனி, இரண்டாவது செயலிக்குரிய பலகையும் நினைவகமும் 150 டொலர் கூடுதல் என வைத்துக்கொள்ளுங்கள். 800க்கு எதிராக 1,050. வேறுபாடு 31 பங்குக்கு மேல், மறுபடியும் நட்டம். செயலிகள் அவையே, வேகமும் அதுவே. தளம் மாறியதும் தீர்ப்பு இருமுறை தலைகீழாகிறது. செயலியின் விலையால் மட்டும் வேகத்தை வகுத்துக் காட்டும் அட்டவணைகளை நான் நம்பாதிருப்பதற்குக் காரணம் இதுவே. அவை மலிவான செயலியைத் தேவைக்கு மேல் புகழ்கின்றன.

மூன்றாவது ஒருவரும் இருக்கிறார். முதலாவது செயலிக்குரிய பலகையும் நினைவகமும் அவர் வீட்டில் ஏற்கனவே உள. அவருக்கு முதலாவது செயலியின் முழுச் செலவு 200 டொலர். இரண்டாவதின் செலவு செயலி, பலகை, நினைவகம் எல்லாம் சேர்ந்தது. ஆகவே 'எது மலிவு' என்ற வினாவுக்கு வீட்டுக்கு வீடு விடை வேறுபடும். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேளாமல் விடை சொல்பவர், நோயாளியைப் பாராமல் மருந்தெழுதும் வைத்தியர் போன்றவர்.

மின்செலவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு செயலிகளுக்கிடையே 50 உவாற்று வேறுபாடு இருந்து, நாள்தோறும் நான்கு மணிநேரம் முழு உழைப்பில் இயங்கினால், ஆண்டுக்கு 73 மின்னலகுகள் கூடும். ஆனால் கடிதம் எழுதும்போதும் செய்தி வாசிக்கும்போதும் செயலி அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். எனவே பெட்டியிலே அச்சிட்டிருக்கும் உவாற்றுக் கணக்கைக் கண்டு வீட்டுப் பாவனையாளர் அஞ்ச வேண்டியதில்லை. பெரிய வெப்பமகற்றியும் பெரிய மின்வழங்கியும் வாங்க நேரும் செலவே உண்மையான செலவு.

எதிர்காலத்தில் செயலியை மட்டும் மாற்றலாம் என்ற நம்பிக்கைக்கு இன்று எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதே கடினமான வினா. நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கொருமுறை உறுப்புகளை மாற்றும் பழக்கமுடையவர்க்கு அது பெறுமதியான பொருள். கணினி பழுதாகும்வரை திறந்தே பாராதவர்க்கு அது வெறும் வார்த்தை. நிறுவனம் தரும் வாக்குறுதியைவிட, வாங்குபவர் தம் பழக்கத்தைப் பார்த்து முடிவு செய்தலே மேல் என்பது என் கருத்து.

என் மருமகனின் கணினி இன்றும் குறையின்றி இயங்குகிறது. 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டமையால் டீ.டீ.ஆர். 5 வகையின் விலை கடுமையாக ஏறிற்று. "மாமா, நீங்கள் பிழையாகச் சொல்லி வாங்கின நினைவகத்துக்குத்தான் இப்போது விலை ஏறியிருக்கிறது" என்று சிரித்தான். அதை என் கணக்கிலே வரவு வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அதே இருக்கைக்கு 2024இல் வந்த புதிய செயலிகளுள் ஒன்றை வாங்கலாமா என்று இப்போது கேட்கிறான். விலையைச் சொல்லத் தொடங்கினான், நிறுத்தினேன். பெட்டியைத் திறந்து, பலகையின் பெயரையும் உள்மென்பொருளின் இலக்கத்தையும் முதலில் வாசிக்கச் சொன்னேன்.